யார் இந்த புளோரன்ஸ் நேகிள்? குதிரையும் அவருடையது, பயிற்சியும் அவருடையது... லைசென்ஸ் மட்டும் ஏன் வேலையாள் பெயரில்?

1966 பிப்ரவரி. லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 71 வயதுப் பெண் ஒருவரின் வழக்கு விசாரணைக்கு வருகிறது. எதிர்த் தரப்பு, இங்கிலாந்தின் குதிரைப் பந்தயத்தைக் கையில் வைத்திருந்த ஜாக்கி கிளப். ராஜ குடும்பத்தினரும் பிரபுக்களும் ராணுவ அதிகாரிகளும் புழங்குகிற இடம். அவங்க முன்னாடி ஒரு பாட்டி போய் நின்னு என்ன கேட்டார் தெரியுமா?

என் லாயத்தில் நான் பயிற்சி கொடுக்கிற குதிரைகளுக்கு, என் பெயரில் லைசென்ஸ் வேண்டும். அவ்வளவுதான்.

அந்தப் பாட்டியின் பெயர் புளோரன்ஸ் நேகிள். அவர் குதிரை மேல ஏறி ரேஸ் ஓட்டியவர் கிடையாது. ஆனா இன்னைக்கு உலகம் முழுக்க பெண் ஜாக்கிகள் பந்தயம் ஓட்டுறாங்க, பெண் பயிற்சியாளர்கள் கோப்பை வாங்குறாங்க, ஓட்டியவங்களே பிறகு டிவியில் உட்கார்ந்து வர்ணனை செய்யுறாங்க என்றால், அந்தக் கதவை முதலில் பலமாகத் தட்டியவர்களில் இவரும் ஒருவர். யார் இவர்? என்ன நடந்தது? பார்க்கலாம்.

வெண்ணெய்க் கடை முதலாளியின் மகள்

புளோரன்ஸ் 1894 அக்டோபரில் பிறந்தார். அப்பா ஜார்ஜ் வாட்சன், மேபோல் டெய்ரி என்ற பெரிய நிறுவனத்தின் தலைவர். இங்கிலாந்தில் ஊர் ஊருக்குக் கிளை வைத்து வெண்ணெய், மார்கரின், டீத்தூள் விற்ற நிறுவனம் அது. 1912ல் அவருக்கு பாரோனெட் பட்டமும் கிடைத்தது. பெர்க்‌ஷயரில் சல்ஹாம்ஸ்டெட் ஹவுஸ் என்ற மாளிகைதான் குடும்ப வீடு. அந்த மாளிகை பிற்காலத்தில் போலீஸ் பயிற்சி மையமாக மாறியது.

பணத்துக்குக் குறைவில்லை. ஆனா அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணிடம் எதிர்பார்த்தது ஒன்றுதான்: நல்ல இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு அடக்கமாக இருப்பது. புளோரன்ஸுக்கு அது ஒத்து வரவில்லை. அவருடைய மனசு முழுக்க நாய்களும் குதிரைகளும்தான்.

1913ல், 20 வயது ஆவதற்கு முன்பே, ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் இன நாய் ஒன்றை வாங்கினார். ஓநாய் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட, உலகிலேயே மிக உயரமான நாய் இனங்களில் ஒன்று. நம்ம சிப்பிப்பாறை, கன்னி மாதிரி கண்ணால் இரையைப் பார்த்துத் துரத்துகிற வகை. ஆனா உயரம் கிட்டத்தட்ட கன்றுக்குட்டி அளவு. ஆசைக்காக வாங்கிய ஒரு நாய், பிறகு வாழ்நாள் தொழிலானது. சல்ஹாம்ஸ்டெட் என்ற வீட்டுப் பெயரையே தன் நாய்களின் குடும்பப் பெயராக வைத்தார். 1960ல் இங்கிலாந்தின் மிகப் பெரிய நாய் கண்காட்சியான கிரஃப்ட்ஸில் ஒட்டுமொத்த சாம்பியன் பட்டம் வென்றது சல்ஹாம்ஸ்டெட் மெர்மன் என்ற உல்ஃப்ஹவுண்ட். நேகிளும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து வைத்திருந்த நாய் அது.

1916ல் ஜேம்ஸ் நேகிள் என்பவரைத் திருமணம் செய்தார். இரண்டு குழந்தைகள். அந்தத் திருமணம் நிலைக்கவில்லை, பிறகு விவாகரத்தில் முடிந்தது. விவாகரத்து என்றாலே ஊர் ஒரு மாதிரி பார்த்த காலம். ஆனா புளோரன்ஸ் தன் லாயத்தையும் நாய்ப் பண்ணையையும் தானே நடத்திக்கொண்டு போனார்.

குதிரைப் பயிற்சியாளர்னா என்ன வேலை?

ரேஸ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஜாக்கிதான். கலர் சட்டை, குல்லா, சேணத்தில் பாதி நின்று பாதி உட்கார்ந்து பறக்கிற ஆள். ஆனா ஜாக்கி குதிரை மேல இருப்பது சில நிமிடங்கள்தான். மற்ற நேரம் முழுக்க அந்தக் குதிரைக்குப் பொறுப்பு பயிற்சியாளர்.

விடியறதுக்கு முன்னாடி லாயத்துக்கு வரணும். ஒவ்வொரு குதிரையின் காலையும் தடவிப் பார்த்து, சூடோ வீக்கமோ இருக்கா என்று கவனிக்கணும். எந்தக் குதிரை இன்னைக்கு எவ்வளவு தூரம் ஓடணும், எவ்வளவு வேகத்தில் ஓடணும், என்ன தீனி, எவ்வளவு ஓய்வு என்று முடிவு பண்ணணும். எந்தப் பந்தயத்தில் எந்தக் குதிரையை இறக்குவது, எந்த ஜாக்கியை ஏற்றுவது என்பதும் அவர் வேலைதான். குதிரை ஜெயித்தால் பயிற்சியாளர் பெயர் பதிவாகும். தவறு நடந்தால் விசாரணைக்கும் அவர்தான் போய் நிற்கணும்.

இந்த வேலையைத்தான் நேகிள் 1920களில் இருந்து செய்துகொண்டிருந்தார். ஆனா அதிகாரபூர்வமாகச் செய்ய முடியாது. ஏன்? பயிற்சியாளருக்கு ஜாக்கி கிளப் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாதவர் பயிற்சி கொடுத்த குதிரை, கிளப்பின் விதிப்படி நடக்கிற எந்தப் பந்தயத்திலும் ஓட முடியாது. ஜாக்கி கிளப்போ பெண்களுக்கு லைசென்ஸ் தராது.

இதில் கூடுதல் வேடிக்கை, பெண்களுக்குக் கிடையாது என்று விதிப் புத்தகத்தில் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதாத சட்டம். விண்ணப்பம் போனால் நிராகரிப்பு வரும், அவ்வளவுதான்.

1937 டெர்பி: முதல் இரண்டு இடமும் பெண்களுக்கு

எப்சம் டெர்பி என்பது இங்கிலாந்துப் பந்தயங்களில் உச்சம். 1937ல் நடந்த டெர்பியில் சாண்ட்ஸ்ப்ரைட் என்ற குதிரை ஓடியது. அதன் மேல யாருக்கும் நம்பிக்கை இல்லை. பந்தய விகிதம் 100க்கு 1. அதாவது ஒரு ரூபாய் கட்டினால் நூறு ரூபாய் தருகிறோம் என்று புக்கிகள் தைரியமாகச் சொல்கிற அளவுக்கு வாய்ப்பு இல்லாத குதிரை.

அந்தக் குதிரை இரண்டாவதாக வந்தது. அதன் உரிமையாளர் புளோரன்ஸ் நேகிள்.

முதலில் வந்த மிட்-டே சன் குதிரையின் உரிமையாளரும் ஒரு பெண்தான், மிஸஸ் மில்லர். எப்சம் மைதானத்தில் டெர்பி ஜெயித்த முதல் பெண் உரிமையாளர் அவர். ஆக அந்த வருடம் நாட்டின் மிகப் பெரிய பந்தயத்தில் முதல் இரண்டு இடத்தைப் பிடித்த குதிரைகளுக்கும் சொந்தக்காரர்கள் பெண்கள். குதிரை வாங்கப் பெண்ணின் பணம் வேண்டும். அதில் கிளப்புக்கு ஆட்சேபணை இல்லை. அதே பெண் அந்தக் குதிரைக்குப் பயிற்சியாளர் என்று கையெழுத்துப் போடுவதுதான் கூடாது.

பேர் ஒருத்தருக்கு, வேலை ஒருத்தருக்கு

அப்போ பெண்கள் எப்படிச் சமாளித்தார்கள்? லாயத்தில் வேலை பார்க்கிற தலைமைப் பணியாளர் பெயரில் லைசென்ஸ் எடுத்தார்கள். சம்பளம் கொடுக்கிறவர், முடிவெடுக்கிறவர், பயிற்சி தருகிறவர் எல்லாம் அம்மா. பயிற்சியாளர் என்று பேப்பரில் வருவது அவரிடம் சம்பளம் வாங்குகிற ஆண். நேகிளும் பல வருடம் இப்படித்தான் ஓட்டினார். இது கிளப்புக்குத் தெரியாதா? எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதுதான் நடைமுறை.

நேகிள் மட்டும் இல்லை. நோரா வில்மட் என்ற பெண்ணும் பல ஆண்டுகள் இதே மாதிரிதான் குதிரைகளைத் தயார் செய்தார். ஹெலன் ஜான்சன் ஹௌட்டன் கதை இன்னும் வலி. கணவர் 1952ல் விபத்தில் இறந்த பிறகு லாயத்தை அவரே நடத்தினார். 1956ல் இங்கிலாந்தின் ஐந்து கிளாசிக் பந்தயங்களில் ஒன்றான 2000 கினிஸ் பந்தயத்தை அவர் தயார் செய்த ஜில் டி ரெட்ஸ் ஜெயித்தது. ஆனா சாதனைப் பட்டியலில் பயிற்சியாளர் இடத்தில் இருப்பது அவருக்கு உதவியாக இருந்த ஆணின் பெயர்.

இது எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கா? நம்ம ஊராட்சிகளில் தலைவர் நாற்காலியில் அம்மா பெயர், கூட்டத்தில் பேசுவது கணவர் என்று செய்தி போடுகிறோமே, அதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்க. அங்கே பதவி பெண் பெயரில், அதிகாரம் ஆணிடம். இங்கே வேலை பெண்ணிடம், பெயர் ஆணுக்கு. பெரம்பலூர் பக்கம் வாங்க. சிறுவாச்சூரைச் சுற்றி சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிற காடுகளில் களை எடுக்கிறதும் அறுவடையில் குனிஞ்சு நிற்கிறதும் பெரும்பாலும் பெண்கள்தான். பட்டா யார் பெயரில் இருக்கும் என்று கேட்டால் பதில் வேற. இரண்டு பக்கமும் நஷ்டம் யாருக்கு என்பதில் மட்டும் வித்தியாசம் இல்லை.

70 வயதைத் தாண்டி கோர்ட்டுக்கு

நேகிள் திரும்பத் திரும்ப விண்ணப்பித்தார். திரும்பத் திரும்ப மறுத்தார்கள். கடைசியில் ஜாக்கி கிளப் மேல வழக்குப் போட்டார். கிளப்பின் சார்பில் வழக்கில் பெயர் வந்தவர் தலைமை நிர்வாகி சர் ரேண்டில் ஃபீல்டன், முன்னாள் ராணுவ மேஜர் ஜெனரல். அதனால் சட்டப் புத்தகங்களில் இது நேகிள் எதிர் ஃபீல்டன் வழக்கு என்றே இருக்கு. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்னைக்கும் படிக்கிற வழக்கு.

கிளப்பின் வாதம் எளிமையானது. நாங்க ஒரு தனியார் அமைப்பு. அவருக்கும் எங்களுக்கும் இடையில் எந்த ஒப்பந்தமும் இல்லை. ஒப்பந்தமே இல்லாதபோது எதை மீறினோம் என்று வழக்குப் போட முடியும்? இந்த வாதத்தை ஏற்று, விசாரணைக்கே எடுக்காமல் கீழ் மட்டத்தில் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். நேகிள் மேல்முறையீட்டுக்குப் போனார்.

அங்கே இருந்தவர்கள் லார்ட் டென்னிங், டாங்க்வர்ட்ஸ், சால்மன் என்ற மூன்று நீதிபதிகள். அவர்கள் பார்த்த கோணம் வேற. நாலு பேர் சேர்ந்து சீட்டாட, பேசிச் சிரிக்க ஒரு கிளப் வைத்தால், யாரைச் சேர்ப்பது என்பது அவங்க இஷ்டம். அதில் கோர்ட் தலையிடாது. ஆனா ஒரு தொழில் முழுவதையும் ஒரே அமைப்பு கையில் வைத்திருக்கு, அதன் அனுமதி இல்லாமல் யாரும் அந்தத் தொழிலைச் செய்யவே முடியாது என்றால் கதை மாறுது. அப்போ அது ஒருவரின் பிழைப்பைத் தடுக்கிற அதிகாரம். அந்த அதிகாரத்தை இஷ்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. திறமை இருக்கா, நடத்தை சரியா என்று பார்க்கலாம். பெண் என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்குவது, தலைமுடி நிறம் பிடிக்கலை என்று ஒதுக்குவதற்குச் சமம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். அன்று நீதிமன்றம் நேகிளுக்கு லைசென்ஸ் கொடுங்க என்று உத்தரவு போடவில்லை. இவருடைய வழக்கில் நியாயம் இருக்கு, முழு விசாரணை நடக்கணும் என்று மட்டும்தான் சொன்னது. ஆனா அதுவே போதுமானதாக இருந்தது. முழு விசாரணை என்றால் எழுதாத சட்டத்தை வெளியே சொல்லி நியாயப்படுத்தணும். வேலையாள் பெயரில் நடக்கும் நாடகத்துக்கும் பதில் சொல்லணும். ஜாக்கி கிளப் அதுக்குத் தயாராக இல்லை. சில மாதங்களில் இறங்கி வந்தது.

1966 கோடையில் நேகிளுக்கும் நோரா வில்மட்டுக்கும் லைசென்ஸ் கிடைத்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் பிரைட்டன் பந்தயத்தில் வில்மட்டின் பேட் என்ற குதிரை ஜெயித்தது. பிரிட்டனில் ஜாக்கி கிளப் விதிப்படி, ஒரு பெண் தன் சொந்தப் பெயரில் பயிற்சியாளராகப் பெற்ற முதல் வெற்றி அது. வழக்குக்குச் செலவழித்தவர் நேகிள். முதல் வெற்றி இன்னொருவருக்கு. கதவு திறந்தால் யார் முதலில் உள்ளே போவாங்க என்று சொல்ல முடியாதுதானே.

பயிற்சியாளர் ஆச்சு, ஜாக்கி எப்போ?

பெண்கள் பந்தயத்தில் ஓட்டியதே இல்லையா என்றால், இருக்காங்க. 1804ல் யார்க் மைதானத்தில் அலிசியா தார்ன்டன் என்ற பெண், பெரும் கூட்டத்துக்கு நடுவே ஒரு ஆணை எதிர்த்து நான்கு மைல் ஓட்டினார். அதில் தோற்றார். அடுத்த வருடமே, அன்றைய பெரிய ஜாக்கியான ஃபிராங்க் பக்கிளைத் தோற்கடித்தார். அப்புறம் அந்தக் கதவு 150 வருடத்துக்கு மேல மூடியே கிடந்தது.

நேகிள் வழக்குக்கு ஆறு வருடம் கழித்து, 1972 மே 6ல், கெம்ப்டன் பார்க்கில் பெண்களுக்கான முதல் பந்தயத்தை ஜாக்கி கிளப் அனுமதித்தது. 50க்கு 1 விகிதத்தில் இருந்த ஸ்கார்ச்ட் எர்த் குதிரையை ஓட்டி ஜெயித்தவர் மெரியல் டஃப்னெல். 1975ல் பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தது. 1977ல் உலகின் மிகக் கடினமான தடை தாண்டும் பந்தயமான கிராண்ட் நேஷனலில் சார்லட் புரூ முதல் பெண்ணாக ஓட்டினார். 1983ல் அதே பந்தயத்தை ஜெயித்த குதிரைக்குப் பயிற்சி கொடுத்தவர் ஜென்னி பிட்மன் என்ற பெண். 2021ல் ரேச்சல் பிளாக்மோர் ஜாக்கியாகவே அதை ஜெயித்தார்.

மைதானத்தில் இருந்து டிவி ஸ்டூடியோவுக்குப் போன வழியும் இதுதான். பிபிசியில் ஒலிம்பிக் வரை தொகுத்து வழங்கிய கிளேர் பால்டிங், 1990ல் அமெச்சூர் பெண் ஜாக்கிகளில் சாம்பியனாக இருந்தவர். குதிரை மேல உட்கார விட்டால்தானே அதைப் பற்றி மைக்கில் பேச முடியும்.

நம்ம சென்னையிலும் ஒரு உதாரணம் இருக்கு. இந்தியாவின் முதல் பெண் தொழில்முறை ஜாக்கி ரூபா சிங், கிண்டி ரேஸ் மைதானச் சூழலில் வளர்ந்தவர். அப்பாவும் குதிரைப் பயிற்சியாளர்.

84 வயதை நெருங்கியபோது இன்னொரு சண்டை

குதிரை விஷயம் முடிந்தது, இனி ஓய்வு என்று நேகிள் உட்காரவில்லை. அடுத்து நாய்கள் பக்கம் திரும்பினார். இங்கிலாந்தில் நாய் இனங்களையும் கண்காட்சிகளையும் கட்டுப்படுத்துவது 1873ல் தொடங்கிய கென்னல் கிளப். பண்ணை வைத்து நாய் வளர்ப்பவர்களில், கண்காட்சிக்குக் கொண்டு வருபவர்களில் பெண்கள் ஏராளம். ஆனா முழு உறுப்பினர் ஆகி ஓட்டுப் போட ஆண்களால் மட்டும்தான் முடியும். பெண்களுக்கு என்று தனியாக ஒரு கிளை, அதிகாரம் இல்லாமல்.

1960லேயே கிரஃப்ட்ஸ் உச்சப் பட்டம் வாங்கிய நாயின் சொந்தக்காரருக்கு அந்தக் கிளப்பில் ஓட்டு இல்லை! 1978ல் அவர் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போனார். தொழில்நுட்பக் காரணத்தால் அங்கே தோற்றார். ஆனா விஷயம் வெளியே வந்து, கிளப்புக்குள்ளேயே பேச்சு கிளம்பியது. அடுத்த வருடம், 1979ல், கென்னல் கிளப் பெண்களை உறுப்பினர்களாகச் சேர்த்தது. முதலில் சேர்ந்தவர்களில் நேகிளும் ஒருவர்.

ஜாக்கி கிளப்பும் 1977 கடைசியில் முதன்முறையாக மூன்று பெண்களை உறுப்பினராக்கியது. அதில் ஒருவர் யார் தெரியுமா? 1956ல் எந்தப் பெண்ணின் பெயரை வெற்றிப் பட்டியலில் போட மறுத்தார்களோ, அதே ஹெலன் ஜான்சன் ஹௌட்டன்.

1986ல் கெம்ப்டன் பார்க்கில் பயிற்சி பெறும் இளம் பெண் ஜாக்கிகளுக்காக நேகிள் பெயரிலேயே ஒரு பந்தயம் தொடங்கியது. அதுக்கு ஆதரவு கொடுத்தவர் அவரேதான். 1988 அக்டோபர் 30ல், 94 வயதில் இறந்தார்.

இதில் நமக்கு என்ன?

ஒரு பணக்காரப் பெண்ணின் சண்டைதானே, நமக்கு என்ன என்று தோணலாம். நியாயமான கேள்வி. வருடக்கணக்கில் வழக்கு நடத்த அவரிடம் பணம் இருந்தது. அதே லாயத்தில் சாணி அள்ளிய பெண்ணால் அது முடிந்திருக்காது. ஆனா தீர்ப்பு சொன்ன விஷயம் எல்லோருக்கும் பொருந்தும்: ஒரு தொழிலின் சாவியை வைத்திருக்கும் அமைப்பு, நாங்க தனியார் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இந்தக் கேள்வி இந்தியாவிலும் வந்திருக்கு. நம்ம அரசியல் சாசனத்தின் சமத்துவ உரிமையில் பெரும் பகுதி அரசுக்கு எதிராகத்தான் கேட்க முடியும். அப்படியென்றால் நாட்டின் கிரிக்கெட்டையே கையில் வைத்திருக்கும் பிசிசிஐ அரசா, தனியாரா? 2005ல் உச்ச நீதிமன்றம், சாசனத்தின் 12வது பிரிவின்படி அது அரசு அமைப்பு இல்லை என்று 3க்கு 2 என்ற கணக்கில் சொன்னது. ஆனா அது பொதுக் கடமை செய்வதால், தவறு செய்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வழி இருக்கு என்றும் சொன்னது. லண்டனில் 1966ல் கிளம்பிய கேள்வியின் இன்னொரு வடிவம்தான் இது.

சங்கம், கிளப், சம்மேளனம் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் சரி. உங்க வேலைக்கு அவங்க அனுமதி கட்டாயம், ஆனா மறுப்புக்குக் காரணம் சொல்ல மாட்டாங்க என்றால், அந்த விதி எங்கே எழுதியிருக்கு என்று கேளுங்க. எழுதி இல்லை என்ற பதில் வந்தால், அதையே எழுத்தில் வாங்குங்க. நேகிளின் வழக்கு தொடங்கியதும் அப்படி ஒரு எழுதாத விதியில் இருந்துதான்.